ஆம்பளைப் பிள்ளைதானே என்று இருந்துவிடாதீர்கள்!

"ஆம்பளைப் பிள்ளைதானே அக்கா! எங்கிட்டுப் போயிடப் போறான்? பொழுது சாயறதுக்குள்ள வந்து நிப்பான், பாருங்க."

இதைச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். 2018-ஆம் வருஷம், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். திண்டுக்கல்லில் நாகல் நகர்ப் பக்கம் எங்கள் வீடு. எதிர் வீட்டு அக்கா வாசற்படியில் நின்று, "காலையில போனவன் இன்னும் சாப்பிட வரலம்மா" என்று கையைப் பிசைந்தார். அடுப்பில் குழம்பு கொதித்துக் கொண்டிருந்த அவசரத்தில் நான் சொன்ன ஆறுதல்தான் அது.

பொழுது சாய்ந்தது. அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவன் வந்தது தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால்... ஐந்து மாதம் கழித்து!

அந்த அக்காவுக்கு ஒரு பெண்ணும் உண்டு. அவள் டியூஷன் முடிந்து அரை மணி தாமதமாக வந்தால் நாங்கள் தெருவோடு டார்ச் லைட்டும் கையுமாகக் கிளம்பியிருப்போம். பையன் என்றதும் எல்லோருக்கும் ஓர் அலட்சியம். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே தேடியிருந்தால் பஸ் ஸ்டாண்டிலாவது ரயில் நிலையத்திலாவது அவனைப் பிடித்திருக்கலாமோ என்ற உறுத்தல் இன்றும் எனக்கு உண்டு. அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், இந்த அலட்சியம் நம் வீட்டில் மட்டுமல்ல, நம் நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. அதுவும் நூற்று அறுபது வருஷத்துக்கு மேலாக!

பிள்ளை பிடிக்கிறவன் எப்படி இருப்பான்?

அந்தக் கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வீட்டுக்கு வீடு சுற்றிக் கொண்டிருந்தது. "வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, ஜாக்கிரதை!" என்று. தெரியாத முகத்தைக் கண்டால் கதவைச் சாத்தினோம். பிச்சை கேட்டு வந்த கிழவியைக்கூட முறைத்துப் பார்த்து அனுப்பினோம்.

ஆனால் எதிர் வீட்டுப் பையனைக் கூட்டிப் போனவர் தெரியாத முகமே இல்லை. மாமன் முறை சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து போனவர். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தவர். பையன் கணக்கில் தவறிவிட்டான், அப்பா திட்டினார் என்று தெரிந்ததும், "உனக்கு எதுக்குடா படிப்பு? முறுக்குக் கம்பெனியில வேலை இருக்கு. சாப்பாடு, தங்க இடம், மாசா மாசம் சம்பளம்" என்று ஆசை காட்டியிருக்கிறார். புதுசாக ஒரு செல்போனும் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன் அவராகக் கூப்பிட்டதும் தானாகவே ரயில் ஏறிவிட்டான்.

மூன்றாம் நாள் அக்காவும் அவர் கணவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். அங்கே இருந்தவர் பையனின் வயதைக் கேட்டார்.

"பதினாறு முடிஞ்சு அஞ்சு மாசம் ஆகுதுங்க."

"பதினாறு தாண்டிருச்சுல்ல? அப்ப கடத்தல் செக்‌ஷன் வராதும்மா. பையன் கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பான், வந்துருவான்" என்று சொல்லி, ஒரு சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை. அதை எனக்கு விளக்கியவர் என் கணவரின் ஒன்றுவிட்ட அக்காள். மதுரையில் வக்கீலாக இருக்கிறார். எங்களுக்கெல்லாம் 'வக்கீல் மதினி'.

சட்டத்தின் கண்ணில் கடத்தல் எது?

"கத்தியைக் காட்டி, வாயில துணியை அடைச்சு, வேன்ல தூக்கிப் போட்டாத்தான் கடத்தல்னு நினைச்சுக்கிட்டு இருக்கே. அதெல்லாம் சினிமா" என்று ஆரம்பித்தார் மதினி.

மைனர் பிள்ளையைப் பொறுத்தவரை பலாத்காரமே தேவையில்லை. பெற்றோரின் பாதுகாப்பில் இருக்கும் பிள்ளையை அவர்களுடைய சம்மதமின்றிக் கூட்டிக்கொண்டு போனாலும் சரி, ஆசை காட்டி வரவழைத்தாலும் சரி, அது கடத்தல்தான். "பிள்ளை தானா வந்துச்சு" என்று சொல்லித் தப்ப முடியாது. சம்மதம் கேட்க வேண்டியது பெற்றவர்களிடம், பிள்ளையிடம் அல்ல. வயது வந்தவர்களின் விஷயத்தில்தான் பலவந்தமோ வஞ்சகமோ நடந்ததா என்று பார்ப்பார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 'மைனர் பிள்ளை' என்பதற்கு சட்டம் ஆணுக்கு ஒரு வயதும் பெண்ணுக்கு ஒரு வயதும் வைத்திருந்தது!

1860-இல் வெள்ளைக்காரர்கள் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு 14, பெண் பிள்ளைக்கு 16. சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-இல் இதைத் திருத்தினார்கள். ஆணுக்கு 16, பெண்ணுக்கு 18 என்று ஆயிற்று. பெண்ணுக்கு எப்போதும் இரண்டு வருஷம் கூடுதல் காவல். ஆண் பிள்ளை பதினாறு முடிந்தால் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்ற எண்ணம். அதாவது, 'ஆம்பளைப் பிள்ளைதானே!' என்று நான் சொன்னதைத்தான் சட்டமும் சொல்லிக் கொண்டிருந்தது.

எதிர் வீட்டுப் பையன் அந்த இரண்டு வருஷ இடைவெளிக்குள்தான் விழுந்துவிட்டான்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2023 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய குற்றவியல் சட்டங்களை நிறைவேற்றியது. 2024 ஜூலை 1 முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன. பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை. அதன் 137-ஆம் பிரிவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஆண் என்றால் இத்தனை, பெண் என்றால் இத்தனை' என்பது போய், 'குழந்தை' என்ற ஒரே சொல் வந்துவிட்டது. குழந்தை என்றால் 18 வயது நிறையாத எவரும். தண்டனை ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம்.

ஆனால் ஒன்று. புதிய சட்டம் பின்னோக்கிப் பாயாது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். எதிர் வீட்டு அக்காவுக்கு இந்த மாற்றத்தால் பலன் இல்லை. அடுத்த வீட்டு அம்மாவுக்கு உண்டு.

மற்ற பிரிவுகளில் நம்மைப் போன்ற தாய்மார்கள் தெரிந்திருக்க வேண்டியவை:

பிச்சை எடுக்க வைப்பது: பிள்ளையைக் கடத்திப் பிச்சை எடுக்க வைப்பதற்கென்று 1959-இல் தனிப் பிரிவு சேர்த்தார்கள். அப்போது பத்து ஆண்டு வரை சிறை. இப்போது 139-ஆம் பிரிவின்படி பத்து ஆண்டுக்குக் குறையவே கூடாது, ஆயுள் வரை போகலாம். பிச்சைக்காகப் பிள்ளையை ஊனப்படுத்தினால் குறைந்தது இருபது ஆண்டு. பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ அல்லாத ஒருவர் பிள்ளையை வைத்துப் பிச்சை எடுத்தால், கடத்தவில்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

நகைக்காகக் கடத்துவது: பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் உடம்பில் இருப்பதைக் களவாடும் நோக்கத்தோடு தூக்கிச் செல்வது தனிக் குற்றம் (பிரிவு 97). ஏழு ஆண்டு வரை சிறை. கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவுக்கும் பழனி தைப்பூசத்துக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது தங்க அரைஞாணும் கைச்சங்கிலியும் போட்டு அழகு பார்க்கிறோமே, அந்த அழகு பிள்ளைக்கு ஆபத்து என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது! கூட்டத்துக்குப் போகும்போது கறுப்புக் கயிறு போதும்.

பணயத்துக்காகக் கடத்துவது: 1993-இல்தான் இதற்குத் தனிப் பிரிவு வந்தது. தூக்குத் தண்டனை அல்லது ஆயுள். இப்போதும் அப்படியே (பிரிவு 140).

இந்தக் கடைசிக் குற்றத்தைப் பற்றி ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2009-இல் கடலூர் மாவட்டத்தில் பள்ளி வேனில் வீடு திரும்பிய ஏழு வயதுச் சிறுவனை ஒருவன் அழைத்துச் சென்று, பணம் கேட்டு மிரட்டி, கடைசியில் கொன்றும்விட்டான். அவனுக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது, அந்தக் குடும்பத்தின் ஒரே ஆண் வாரிசு போய்விட்டது என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2023-இல் மறு ஆய்வில் அந்தத் தண்டனை இருபது ஆண்டுக்குக் குறையாத ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. அப்போது நீதிபதிகள், கொல்லப்பட்டது ஆணா பெண்ணா என்பது பொருட்டே அல்ல, கொல்லப்பட்டது ஒரு குழந்தை என்ற கருத்தைத் தெளிவாகப் பதிவு செய்தார்கள். ஓரிடத்தில் ஆண் பிள்ளைக்குக் காவல் குறைவு, இன்னோர் இடத்தில் ஆண் பிள்ளைக்கு மதிப்பு அதிகம்! இரண்டும் தப்பு என்று புரிந்துகொள்ள நம் சட்டத்துக்கே இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

எல்லை எங்கே என்று கேட்கக் கூடாது

"எந்த ஊர்ல காணாமப் போனான்? எங்க லிமிட் இல்லையே" என்று ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு அலையவிட்ட கதைகள் ஏராளம். திண்டுக்கல்லில் பஸ் ஏறின பிள்ளை ஒட்டன்சத்திரத்தில் இறங்கினானா, கரூரில் இறங்கினானா என்று பெற்றவளுக்கு என்ன தெரியும்?

இந்த எல்லைத் தகராறு நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1932 மார்ச் 1-ஆம் தேதி, அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்க்கின் இருபது மாதக் குழந்தையை நியூ ஜெர்சியில் இருந்த வீட்டுத் தொட்டிலிலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள். பணயத் தொகை கொடுத்தும் குழந்தை உயிரோடு திரும்பவில்லை. அங்கே கடத்தல் அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் இருந்தது. மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் உள்ளூர்ப் போலீஸின் கை எட்டாது. அந்தக் குழந்தையின் மரணம் நாட்டையே உலுக்க, அதே வருஷம் ஜூன் மாதத்தில், எல்லை தாண்டிக் கடத்துவதை மத்திய அரசின் குற்றமாக்கிச் சட்டம் கொண்டு வந்தார்கள்.

நம் நாட்டில் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது: குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், நீங்கள் போய் நிற்கும் ஸ்டேஷனில் புகாரைப் பதிய வேண்டும். இதைத்தான் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்கிறார்கள். பதிந்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்புவார்கள். மின்னணு முறையில்கூடப் புகார் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்கவும் வேண்டும்.

சி.எஸ்.ஆர். ரசீதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து பத்திரமாகப் பீரோவில் பூட்டி வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அது புகார் வந்தது என்பதற்கான ரசீது. வழக்குப் பதிவு ஆனதற்கு அத்தாட்சி எஃப்.ஐ.ஆர்.தான்.

இரண்டு தீர்ப்புகள்

மதினி அன்று ஸ்டேஷனுக்கு எங்களோடு வந்தார். குரலை உயர்த்தவில்லை. இரண்டே இரண்டு தீர்ப்புகளை மட்டும் எடுத்துச் சொன்னார்.

முதலாவது, 2013 மே மாதத்தில் 'பச்பன் பச்சாவ் ஆந்தோலன்' என்ற குழந்தைகள் நல அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 18 வயது நிறையாத பிள்ளை காணவில்லை என்று புகார் வந்தால், அது கடத்தலாகவோ ஆள் விற்பனையாகவோ இருக்கலாம் என்ற ஊகத்தோடேயே எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். 'கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பான்' என்பதற்கு அங்கே இடமில்லை. நாலு மாதத்துக்குள் பிள்ளை கிடைக்காவிட்டால் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, அதே வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி வந்த லலிதா குமாரி தீர்ப்பு. உத்தரப் பிரதேசத்தில் கடத்தப்பட்ட ஒரு சிறுமியின் தந்தை, புகாரைப் பதியாமல் அலைக்கழித்ததால் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கிய தலைமை நீதிபதி சதாசிவம், நம் ஈரோடு மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர்!

பழைய சட்டத்தில் கடத்தல் பிரிவு பொருந்தாமல் போனாலும், ஆசை காட்டி ஆளைச் சுரண்டுவதற்குக் கொண்டுபோவது என்ற வேறு பிரிவு 2013-லிருந்தே இருந்தது. அதன் கீழ் வழக்குப் பதிவானது. ரசீது எஃப்.ஐ.ஆர். ஆக மாற எங்களுக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளில் பையன் இரண்டு மாநிலம் தாண்டிவிட்டான்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு...

'அப்படியானால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனவன் மேல் கேஸ் போட்டுவிடலாம்' என்று சிலர் நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுங்கள்.

1960-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, பதினெட்டு நிறைய ஒரு மாதமும் சில நாளுமே இருக்கையில், தானாக வீட்டை விட்டு வெளியே வந்து, தான் விரும்பியவருக்குப் போன் செய்து வரவழைத்து, அவரோடு போய்க் கல்யாணப் பதிவு செய்துகொண்டாள். தந்தை புகார் கொடுத்தார். கீழ்க் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் அந்த வாலிபரைத் தண்டித்தன. 1964-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 'கூட்டிக்கொண்டு போவது' வேறு, விவரம் தெரிந்த பெண் தானாக வெளியேறி வரும்போது 'உடன் போவது' வேறு என்றார்கள் நீதிபதிகள். வரதராஜன் வழக்கு என்று இன்றும் இந்தியா முழுவதும் மேற்கோள் காட்டப்படுவது நம் சென்னை வழக்குத்தான்.

ஆனால் இதைப் படித்துவிட்டு மகனைப் பெற்றவர்களும் அலட்சியமாக இருக்கக் கூடாது. 2012-இல் வந்த போக்சோ சட்டத்தில் 18 வயது நிறையாதவரின் சம்மதம் சம்மதமே அல்ல. காதல் என்று கிளம்பும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் கம்பி எண்ண வேண்டியிருக்கும். பெண்ணிடமும் பையனிடமும் இதை உட்கார்ந்து பேசுங்கள். போலீஸ் பேசுவதற்கு முன் நாம் பேசுவது நல்லது.

கணவரே தூக்கிப் போனால்?

மனஸ்தாபத்தில் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணிடமிருந்து, கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். "கடத்தல் கேஸ் போடலாமா?" என்று கேட்டேன் மதினியிடம்.

"பெரும்பாலும் நிக்காது. தகப்பனும் சட்டப்படி பாதுகாவலர்தான். ஆனா வழி இல்லாமப் போகல."

இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். 1999-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் இயற்கைப் பாதுகாவலராக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. குடும்ப நல வழக்குப் போடலாம். அவசரமென்றால் ஆட்கொணர்வு மனு. திண்டுக்கல்காரர்களுக்கு அதற்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை. 2004 ஜூலையிலிருந்து மதுரையிலேயே உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது.

பிரசவ வார்டில்...

பிறந்த குழந்தை விஷயத்தில் ஒரு நிமிஷமும் ஏமாறக் கூடாது. 2025 ஏப்ரலில் குழந்தை விற்பனை வழக்கு ஒன்றில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும், ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தை கடத்தப்பட்டால் முதல் நடவடிக்கையாக அந்த ஆஸ்பத்திரியின் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்றார்கள். பெற்றோர்கள் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும் என்றும் எச்சரித்தார்கள்.

"எடை பார்க்கணும், தடுப்பூசி போடணும், குடுங்கம்மா" என்று யார் கேட்டாலும், உங்கள் வீட்டு ஆள் ஒருவர் கூடவே போகட்டும். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர் என்று பழகிய நாலு மணி நேரத்தில் குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போகாதீர்கள். கையில் கட்டிய அடையாளப் பட்டையை வீட்டுக்கு வரும்வரை அவிழ்க்காதீர்கள்.

காணோம் என்றதும் செய்ய வேண்டியவை

1. 'இருபத்து நாலு மணி நேரம் பார்க்கலாம்' என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வழக்கமாக வரும் நேரம் தாண்டி, சிநேகிதர் வீடுகளிலும் இல்லை என்றால் உடனே கிளம்புங்கள்.

2. குழந்தைகள் உதவி எண் 1098. அவசர போலீஸ் 112. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். பிள்ளைகளுக்கும் இந்த எண்களை மனப்பாடம் செய்து வையுங்கள்.

3. புகாரில் பிள்ளையின் வயது, உயரம், அன்று போட்டிருந்த உடை, மச்சம், கடைசியாகப் பார்த்த இடம், நேரம், சந்தேகப்படும் ஆள் எல்லாவற்றையும் எழுதுங்கள். சமீபத்திய போட்டோ கொடுங்கள். ஞானஸ்நானப் படமும் காதுகுத்துப் படமும் உதவாது!

4. வயதுதான் வழக்கின் ஆணிவேர். பள்ளிச் சான்றிதழ், மாநகராட்சியோ பஞ்சாயத்தோ தந்த பிறப்புச் சான்றிதழ், இரண்டையும் நகல் எடுத்து ஒரே உறையில் வையுங்கள்.

5. எஃப்.ஐ.ஆர். பதிய மறுத்தால் சண்டை போட வேண்டாம். அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் பலிக்காவிட்டால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டை அணுகச் சட்டத்தில் வழி இருக்கிறது.

6. விசாரணை என்று பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

7. கிடைத்த பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்துவார்கள். பயப்படாதீர்கள். அது கோர்ட்டு அல்ல, பிள்ளையின் நலனைப் பார்ப்பதற்கான ஏற்பாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்...

அதே 2018 மே மாதம் 9-ஆம் தேதி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் குலதெய்வத்தைக் கும்பிடக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அங்கே விளையாடிய பிள்ளைகளுக்கு ஓர் அம்மாள் சாக்லெட் கொடுத்தார். அவ்வளவுதான்! 'பிள்ளை பிடிக்கிறவர்கள்' என்று ஊரே திரண்டு அடித்ததில் அறுபத்தைந்து வயதான அந்தப் பெண்மணி உயிரிழந்தார். அவரும் யாருக்கோ பாட்டி. நம்மைப் போல வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பை இன்னொருவருக்குத் தள்ளிவிட்ட விரல்களுக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு. உறுதியில்லாத சேதி வந்தால் அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் 112-ஐக் கூப்பிடுங்கள், கூட்டத்தைக் கூப்பிடாதீர்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால்...

வடக்கே ஓர் ஊரில், முறுக்குச் சுடும் ஓர் அறையிலிருந்து எங்கள் எதிர் வீட்டுப் பையனை மீட்டுக்கொண்டு வந்தார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் ராத்திரி பத்து மணி வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் வேலையாம். சம்பளம் கேட்டபோது, "உங்க வீட்டுல வாங்கிட்டாங்க" என்றார்களாம். செல்போனை முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்கள். வலது முழங்கை முழுக்கக் கொதி எண்ணெய் தெறித்த தழும்புகள்.

அக்கா அன்று தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அந்த வாசனை வந்தாலே பையன் எழுந்து வெளியே போய்விடுகிறான் என்றார். அந்த வருஷம் எங்கள் வீட்டிலும் நான் முறுக்குச் சுடவில்லை.

இப்போது அவன் வளர்ந்துவிட்டான். பிரைவேட்டாகப் பத்தாவது பாஸ் செய்து, ஐ.டி.ஐ.யில் படித்து, நல்ல வேலையில் இருக்கிறான். போன மாதம் இந்தச் சட்ட மாற்றத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அங்க என்கூட ஏழு பசங்க இருந்தாங்க அத்தை. எல்லாம் பதினாறு, பதினேழு. அவங்க அம்மாக்களும் ஸ்டேஷனுக்குப் போயிருப்பாங்கள்ல?" என்று கேட்டான்.

அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திண்டுக்கல் என்றால் பூட்டு என்பார்கள். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. ஆனால் வளரும் பிள்ளையைப் பூட்டி வைக்க நம் ஊரிலும் பூட்டு கிடையாது, வைக்கவும் கூடாது. வெளியே போகிற பிள்ளை, மகனோ மகளோ, "யார் கூடப் போற? எப்ப வருவ?" என்று கேட்கத்தான் முடியும். கேட்பதைக் கோபமில்லாமல் கேட்டால், பிள்ளையும் மறைக்காமல் சொல்லும்.

இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் நான் என் மகளைத் தேடுவதற்கு முன் என் மகனைத் தேடுகிறேன். பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்துத்தான்.